வாஷிங்டன் பரம்பரையிலேயே ஆள் மாறிப்போனது: காலனி கால அமெரிக்க நிலவுடைமையாளரின் வேர் தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவின் முதல் ஜனாதிபதியின் பரம்பரையையே எழுபது ஆண்டுகளுக்கு மேல் தப்பாக எழுதி வைத்திருந்தார்கள். இங்கிலாந்தில் குலச்சின்னங்களைக் கவனிக்கும் அலுவலகத்தின் உயர் அதிகாரி சர் ஐசக் ஹெர்ட், 1791இல் ஜார்ஜ் வாஷிங்டனுக்கே கடிதம் எழுதி விவரம் கேட்டு, ஒரு வம்சாவளி தயாரித்தார். ஜார்ஜின் கொள்ளுத்தாத்தா ஜான் 1650களில் வர்ஜீனியாவுக்கு வந்தவர், அவருடைய தம்பி லாரன்ஸ் பின்னால் வந்தார். இங்கிலாந்தின் சல்கிரேவ் ஊர் வாஷிங்டன் குடும்பத்திலும் ஏறக்குறைய அதே காலத்தில் ஒரு ஜான், ஒரு லாரன்ஸ், இருவரும் சகோதரர்கள். பெயர் பொருந்துகிறது, காலமும் பொருந்துகிறது, முடிச்சுப் போட்டாயிற்று.

1866இல் ஜோசப் செஸ்டர் என்ற வம்சாவளி ஆய்வாளர் ஆவணங்களைப் பிரித்துப் பார்த்தபோது, அந்த சல்கிரேவ் ஜான் சர் பட்டம் பெற்று இங்கிலாந்திலேயே இருந்தவர், லாரன்ஸோ ஒரு பாதிரியார், இருவரும் வர்ஜீனியாவுக்குப் போகவே இல்லை என்று தெரிந்தது. 1880களில் ஹென்றி வாட்டர்ஸ் இன்னும் தோண்டி, அந்தப் பாதிரியார் லாரன்ஸின் பிள்ளைகள்தான் வர்ஜீனியாவுக்கு வந்த ஜானும் லாரன்ஸும் என்று காட்டினார். குடும்பம் சரிதான், ஒரு தலைமுறை நழுவியிருந்தது!

பெயரும் காலமும் ஒத்துப்போவதை ஆதாரம் என்று எடுத்துக்கொள்வதுதான் முதல் தவறு, பெரிய தவறும் அதுதான். இந்தக் குடும்பங்களில் ஜான், லாரன்ஸ், அகஸ்டின் என்று நாலைந்து பெயர்களே தலைமுறைக்குத் தலைமுறை சுற்றிவரும். 'ஜூனியர்' என்று எழுதியிருந்தால் அவர் மகன் என்றும் நம்ப முடியாது, அதே வட்டாரத்தில் அதே பெயரில் வயதில் இளைய ஆள் என்றுதான் பல இடங்களில் பொருள், சித்தப்பா மகனாகவும் இருக்கலாம், ஒட்டும் உறவும் இல்லாதவராகவும் இருக்கலாம். ஒரே பெயருள்ள இரண்டு பேரைப் பிரிக்க நிலம்தான் உதவும்: எத்தனை ஏக்கர், எந்த ஓடைக்கரை, பக்கத்து நிலம் யாருடையது, விற்கும்போது கூடச் சம்மதம் கொடுத்த மனைவி பெயர் என்ன. விற்றவனுக்கு அந்த நிலம் எப்படி வந்தது என்று தாய்ப்பத்திரம் வரை போனால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

புகழ்பெற்ற ஒருவரைப் பிடித்துக்கொண்டு அங்கிருந்து நம் வரைக்கும் கீழே இறங்கி வருவது இன்னொரு தவறு. ஜார்ஜ் வாஷிங்டனுக்குச் சொந்தப் பிள்ளைகள் இல்லை. மனைவி மார்த்தாவின் முதல் கணவர் கஸ்டிஸ் வழி வந்தவர்களும், ஜார்ஜின் சகோதர சகோதரிகள் வழி வந்தவர்களும்தான் உண்டு. இன்றைய தலைமுறையிலிருந்து ஒவ்வொரு படியாக மேலே ஏற வேண்டும். இணையத்தில் கிடைக்கும் குடும்ப மரங்களைத் துப்புக்கு வைத்துக்கொள்ளலாம், ஆதாரமாக வைத்துக்கொள்ளக் கூடாது. பணக்காரர்களுக்குப் பரம்பரையைப் புனைந்து விற்ற குஸ்தாவ் ஆன்ஜூ மாதிரி ஆட்களின் சரக்கு இன்னும் புழக்கத்தில் இருக்கிறது.

அப்புறம் கவுண்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி) விவகாரம். ஜார்ஜ் வாஷிங்டனின் பண்ணையான மவுண்ட் வெர்னன் நிலம் 1674இல் ஜான் வாஷிங்டனுக்கும் நிக்கோலஸ் ஸ்பென்சருக்கும் சேர்த்துக் கிடைத்தது, சுமார் 5,000 ஏக்கர். அப்போது அது ஸ்டாஃபோர்ட் கவுண்டி. 1731இல் பிரின்ஸ் வில்லியம் ஆனது, 1742இல் ஃபேர்ஃபேக்ஸ். நிலமும் குடும்பமும் அசையவில்லை, எல்லைக்கோடுதான் நகர்ந்தது. இன்றைய வரைபடத்தைப் பார்த்து ஃபேர்ஃபேக்ஸ் கோர்ட்டில் மட்டும் தேடினால் 1742க்கு முந்தைய எதுவும் கிடைக்காது, உடனே "குடும்பம் அந்த வருஷம்தான் குடியேறியது" என்று எழுதிவிடுவார்கள். பத்திரத்தின் தேதிக்கு அந்த இடம் எந்தக் கவுண்டி என்று பார்த்துவிட்டுத்தான் தேட வேண்டும். போட்டோமாக், ராப்பஹானக் ஆறுகளுக்கு நடுவே உள்ள நார்தர்ன் நெக் பகுதிக்கு நில உரிமைப் புத்தகங்களே தனி. 1704ஆம் ஆண்டின் வர்ஜீனியா நிலவரிப் பட்டியலிலும் அந்தப் பகுதி கிடையாது. அதனால் பட்டியலில் பெயர் இல்லை என்றால் நிலம் இல்லை என்று அர்த்தமில்லை.

பத்திரமே எரிந்து போன கவுண்டிகளும் உண்டு. உள்நாட்டுப் போரின்போது பத்திரமாக இருக்கட்டும் என்று வர்ஜீனியாவின் தலைநகர் ரிச்மண்டுக்கு அனுப்பிவைத்த பல கவுண்டிகளின் ஏடுகள், 1865 ஏப்ரல் தீயில் சாம்பலாகிவிட்டன. அங்கேயே தேடலை நிறுத்திவிடாதீர்கள். நில உரிமைப் பதிவுகள் மாகாண அளவில் தனியாக இருந்தன, லைப்ரரி ஆஃப் வர்ஜீனியா அவற்றை இணையத்தில் வைத்திருக்கிறது. நாலு வருஷத்துக்கு ஒருமுறை நில எல்லைகளை நடந்து சரிபார்க்க வேண்டும் என்று சட்டம் இருந்தது, அந்த வேலையைச் சர்ச் நிர்வாகம் கவனித்ததால் அதன் ஏடுகளிலும் அக்கம்பக்கத்து நிலக்காரர்களின் பெயர்கள் வரிசையாகக் கிடைக்கும்.

கப்பல் கட்டணம் கொடுத்து ஆள் கொண்டுவந்தால் தலைக்கு 50 ஏக்கர் என்ற முறை 1618இலிருந்து வர்ஜீனியாவில் இருந்தது. அந்த ஆள் பட்டியலைப் பார்த்து வந்த வருஷத்தை எழுதிவிடாதீர்கள். இந்த உரிமையை வாங்கினார்கள், விற்றார்கள், வருஷக்கணக்கில் வைத்திருந்து பயன்படுத்தினார்கள். ஒரே ஆளின் பெயரில் இரண்டு முறை நிலம் வாங்கியதும் நடந்திருக்கிறது.

தேதியைப் பொறுத்தவரை 1752க்கு முன்பு இங்கிலாந்திலும் அதன் காலனிகளிலும் புது வருஷம் மார்ச் 25இல்தான் பிறந்தது; 1752இல் நாட்காட்டியை மாற்றியபோது தேதியும் 11 நாள் முன்னே தள்ளியது. வாஷிங்டன் குடும்ப பைபிளில் ஜார்ஜ் பிறந்தது 1731/2 (பழைய கணக்கில் 1731, புதிய கணக்கில் 1732) பிப்ரவரி 11 என்று இருக்கிறது, இப்போது நாம் சொல்வது 1732 பிப்ரவரி 22. இது தெரியாமல் 'திருத்தினால்' கல்யாணத்துக்கு முன்பே பிள்ளை பிறந்துவிடும்.

உயிலில் பெயர் இல்லாத பிள்ளையை உடனே கழித்துவிடாதீர்கள். அப்பா உயிரோடு இருக்கும்போதே பங்கு வாங்கியிருப்பான். உயில் எழுதாமல் இறந்தாலோ, 18ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதி வரை வர்ஜீனியாவில் நிலம் மூத்த மகனுக்குத்தான், அதனால் இளையவர்களின் பெயர் எந்த ஏட்டிலும் ஏறாமல் போயிருக்கும்.

இந்தத் தேடலில் இறங்குகிறவர்கள் எல்லாரும் நிலக்காரரின் வாரிசுகள் இல்லை. அந்த நிலத்தில் அடிமைகளாக வேலை செய்தவர்களின் வாரிசுகளும் அதே பத்திரங்களைத்தான் புரட்டுகிறார்கள். 1705 சட்டப்படி வர்ஜீனியாவில் அடிமைகளை அசையாச் சொத்தாக வைத்திருந்தார்கள். அதனால் பாகப்பிரிவினையிலும் கிரயத்திலும் அவர்கள் பெயர் வரும். இங்கே பலர் செய்யும் தவறு, எஜமானரின் குடும்பத்தை மட்டும் பார்ப்பது. 1799 பட்டியலில் மவுண்ட் வெர்னனில் இருந்த அடிமைகள் 317 பேர், அவர்களில் வாஷிங்டனுக்குச் சொந்தமானவர்கள் பாதிக்கும் குறைவு. மீதிப் பேரில் பெரும்பகுதி, 1757இல் உயில் எழுதாமல் இறந்த மார்த்தாவின் முதல் கணவர் டேனியல் பார்க் கஸ்டிஸின் சொத்திலிருந்து மார்த்தாவுக்கு ஆயுள் வரை மட்டும் கிடைத்த பங்கு. வாஷிங்டன் தன் உயிலில் அவர்களை விடுவிக்க முடியவில்லை, 1802இல் மார்த்தா இறந்ததும் அவர்களை நான்கு பேரப்பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். அந்தக் குடும்பங்களைத் தேடுகிறவர்கள் வாஷிங்டன் உயிலை மூடிவைத்துவிட்டு, பின்னோக்கிப் போக கஸ்டிஸ் சொத்துக் கணக்கையும், முன்னோக்கி வர அந்த நான்கு பேரின் கணக்குகளையும் எடுக்க வேண்டும்.