பேக்கேஜ் அப்டேட்: லாக் ஃபைலில் கை வைக்கும் முன்

பாஸ்வேர்டை ரிப்போவில் போடாதீர்கள், பேக்கேஜ் பெயரின் எழுத்துகளைச் சரிபாருங்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். பேக்கேஜ்களை (பிறர் எழுதி நாம் பயன்படுத்தும் கோட் தொகுப்புகளை) அப்டேட் செய்யும்போது விவரம் தெரிந்தவர்களே அவசரத்தில் செய்யும் தவறுகள் சில உண்டு. புதிதாக வருபவர்களும் அதே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். உதாரணங்கள் ஜாவாஸ்கிரிப்ட் பேக்கேஜ்களை நிர்வகிக்கும் என்பிஎம்-ஐ வைத்து இருந்தாலும் ரஸ்டின் கார்கோ, பைத்தானின் பொயட்ரி, ரூபியின் பண்ட்லர் எதற்கும் இதே கதைதான்.

லாக் ஃபைலை அழித்துவிட்டு மறுபடி இன்ஸ்டால் செய்வது

இன்றும் பார்த்தால் எரிச்சல் வருவது இதற்குத்தான். செக்யூரிட்டி ஸ்கேன் ஓர் எச்சரிக்கை காட்டும், அல்லது மெர்ஜ் செய்யும்போது லாக் ஃபைல் (எந்த பேக்கேஜின் எந்த வெர்ஷன் என்று பதிந்துவைக்கும் ஃபைல்) முட்டிக்கொள்ளும். உடனே அந்த ஃபைலையும் நோட் மாட்யூல்ஸ் ஃபோல்டரையும் அழித்துவிட்டு 'என்பிஎம் இன்ஸ்டால்' ஓட்டுவார்கள். எச்சரிக்கை மறைந்துவிடும். கமிட் போட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவார்கள்.

பேக்கேஜ் ஃபைலில் (package.json) ^4.17.0 என்று இருந்தால், அதிலிருந்து 5.0.0-க்கு முன்புவரை எந்த வெர்ஷனும் வரலாம். அவற்றில் எது உங்கள் டெஸ்டில் தேறியது என்ற பதிவு லாக் ஃபைலில் மட்டுமே இருக்கிறது. அதை அழித்தால் நீங்கள் சேர்த்த முப்பது பேக்கேஜோடு, அவை இழுத்துவரும் நூற்றுக்கணக்கான பேக்கேஜ்களும் ஒரே நேரத்தில் வேறு வெர்ஷனுக்கு நகர்ந்துவிடலாம். ஒரு பாதுகாப்பு ஓட்டையை அடைக்கப் போன டிஃப் (மாற்றங்களின் பட்டியல்) ஆயிரக்கணக்கான வரிகளுக்கு நீளும். ரிவ்யூ செய்பவர் திறந்துகூடப் பார்க்க மாட்டார். பிறகு புரொடக்‌ஷனில் தேதி ஒரு நாள் தள்ளிக் காட்டுகிறது என்று புகார் வந்தால், 'கிட் பைசெக்ட்' (பிழை எந்த கமிட்டில் நுழைந்தது என்று தேடும் கமாண்ட்) சரியாக அந்த ஒரு கமிட்டில் வந்து நிற்கும். அதற்குள் எந்த பேக்கேஜ் குற்றவாளி என்பதை அது சொல்லாது.

இதைவிடப் பெரிய ஆபத்தும் இருக்கிறது. 2025 செப்டம்பரில் பேக்கேஜ் பராமரிப்பாளர் ஒருவரைப் போலி மின்னஞ்சலால் ஏமாற்றி, சாக், டீபக் உள்ளிட்ட பேக்கேஜ்களில் கிரிப்டோ பணத்தைத் திசைதிருப்பும் கோட் வரிகளைச் சேர்த்து வெளியிட்டார்கள். சில மணி நேரத்தில் அந்த வெர்ஷன்கள் நீக்கப்பட்டன. அந்த இடைவெளியில் பழைய லாக் ஃபைலின்படியே இன்ஸ்டால் செய்தவர்களிடம் அந்தக் கோடு போய்ச் சேரவில்லை. லாக் ஃபைலை அழித்துப் புதிதாக உருவாக்கியவர்களுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. வெளியாகிச் சில நாள் ஆன வெர்ஷனை மட்டும் எடுக்கும்படி ரெனோவேட்டிலும் (தானாக அப்டேட் செய்யும் கருவி) பிஎன்பிஎம்-இலும் (என்பிஎம்-க்கு மாற்று) அமைக்க முடியும். அவசியம் அமைத்துவிடுங்கள், செக்யூரிட்டி திருத்தங்களுக்கு மட்டும் விலக்கு கொடுங்கள்.

சரியான வழி அதிக நேரம் பிடிப்பதும் இல்லை. 'என்பிஎம் எக்ஸ்ப்ளெய்ன்' என்று கொடுத்து, பேக்கேஜ் பெயரைச் சேர்த்தால் அதை இழுத்துவந்தது எது என்று தெரியும். எந்த வெர்ஷனில் சரியானது என்பது அட்வைசரியில் (ஓட்டையைப் பற்றிய அறிவிப்பில்) இருக்கும். தாய் பேக்கேஜ் அந்த வெர்ஷனை அனுமதித்தால், 'என்பிஎம் அப்டேட்' கமாண்டோடு அந்த ஒரு பெயரை மட்டும் கொடுங்கள். லாக் ஃபைலில் சில வரிகளே மாறும், யாரும் படித்துப் பார்க்கலாம். அனுமதிக்காவிட்டால் தாய் பேக்கேஜை உயர்த்துங்கள். அதற்கும் வழியில்லை என்றால்தான் ஓவர்ரைட்ஸ். தாய் பேக்கேஜை எழுதியவர்கள் சோதிக்காத வெர்ஷனை அது திணிக்கிறது. எனவே டெஸ்டுகளை முழுதாக ஓட்டுங்கள், எப்போது நீக்கலாம் என்று ஒரு டிக்கெட்டும் போட்டுவையுங்கள். கடைசியில் பேக்கேஜ் மரத்தைக் காட்டும் 'என்பிஎம் எல்எஸ்' ஓட்டிப் பாருங்கள். ஒரே பேக்கேஜ் இரண்டு வெர்ஷனில் இருப்பது சகஜம். ஒன்றைச் சரிசெய்தால் மற்றது வேறு கிளையில் ஒளிந்திருக்கும்.

மெர்ஜ் மோதலுக்கும் அழிக்கத் தேவையில்லை. பேக்கேஜ் ஃபைலை மட்டும் கையால் சரிசெய்துவிட்டு, 'என்பிஎம் இன்ஸ்டால் --பேக்கேஜ்-லாக்-ஒன்லி' கொடுத்தால் லாக் ஃபைலை அதுவே தீர்த்துக்கொள்ளும்.

சிஐ-யில் 'என்பிஎம் இன்ஸ்டால்'

தானாக பில்டும் டெஸ்டும் ஓடும் சர்வரில் (சிஐ) அது வேண்டாம். லாக் ஃபைலில் உள்ளபடியே இன்ஸ்டால் செய்யும் 'என்பிஎம் சிஐ' மட்டும்.

ஆடிட் ஃபிக்ஸோடு ஃபோர்ஸ்

ஓட்டைகளைத் தானாகச் சரிசெய்யும் 'என்பிஎம் ஆடிட் ஃபிக்ஸ்' கமாண்டோடு '--ஃபோர்ஸ்' சேர்த்தால் மேஜர் வெர்ஷனைத் தாண்டிக் குதிக்கும். சில நேரம் பழைய வெர்ஷனுக்கே இறக்கியும் விடும். ஓட்டுவதானால் தனி பிராஞ்சில் ஓட்டுங்கள்.

முதல் பேட்ச்சோடு நிறுத்திவிடுவது

2021 டிசம்பரில் லாக்ஃபோர்ஜே என்ற ஜாவா லைப்ரரியின் ஓட்டைக்கு 2.15.0 வந்தது. அந்தத் திருத்தம் முழுமையாக இல்லாததால் 2.16.0 வந்தது; பிறகு 2.17.0, 2.17.1. எல்லாம் அதே மாதத்தில். முதல் வெர்ஷனைப் போட்டதும் டிக்கெட்டை மூடியவர்கள் ஓட்டையோடுதான் இருந்தார்கள். இன்னொரு சிக்கல்: அந்த லைப்ரரி பல இடங்களில் வேறொரு ஜார் ஃபைலுக்குள் (ஜாவா கோட் தொகுப்பு) ஜாராக இருந்தது. பாம் (pom.xml, பேக்கேஜ்களின் பட்டியல்) ஃபைலில் பெயர் இல்லை என்பதை மட்டும் வைத்து நிம்மதியடையக் கூடாது. பில்டில் வெளிவந்த ஃபைலையே ஸ்கேன் செய்ய வேண்டும்.

மதிப்பெண்ணை மட்டும் பார்ப்பது

சிவிஎஸ்எஸ் மதிப்பெண் ஓட்டையின் கடுமையைப் பத்துக்கு இவ்வளவு என்று சொல்லும். உங்கள் கோடு அந்த இடத்தைத் தொடுகிறதா என்பது அதற்குத் தெரியாது. பில்ட் டூலுக்குள் இருக்கும் 7.5-ஐவிட, லாகின் பக்கத்தில் வெளியார் அனுப்பும் உள்ளீட்டைப் படிக்கும் 6.1 அவசரமாக இருக்கலாம். ஆடிட்டில் 'ஆமிட் டெவ்' (டெவலப்மென்ட் பேக்கேஜ்களை விலக்கு) கொடுத்து முதலில் புரொடக்‌ஷனுக்குப் போவதைப் பிரித்துக்கொள்ளுங்கள். கோ மொழியில் 'கவல்ன்செக்' ஓட்டையுள்ள ஃபங்ஷனை உங்கள் கோடு அழைக்கிறதா என்றே காட்டிவிடும். அமெரிக்காவின் சைபர் பாதுகாப்பு அமைப்பான சிஸா வெளியிடும் பட்டியலில் ஓர் ஓட்டை ஏறிவிட்டால் அதை ஏற்கெனவே யாரோ பயன்படுத்தித் தாக்குகிறார்கள் என்று பொருள். மதிப்பெண் எதுவானாலும் அதற்கே முதலிடம்.

தள்ளிப்போட்டால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்கக் கடன் தகவல் நிறுவனமான ஈக்விஃபாக்ஸ் போதும். அவர்கள் பயன்படுத்திய அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ் என்ற ஜாவா ஃப்ரேம்வொர்க்கின் திருத்தம் 2017 மார்ச்சில் வெளியானது. போடாமல் விட்ட சர்வர் வழியாக மே மாதம் உள்ளே நுழைந்தார்கள். சுமார் 14.7 கோடிப் பேரின் தகவல் போனது.

தேதி இல்லாத விலக்கு

ஸ்கேனரில் ஓர் எச்சரிக்கையை ஒதுக்குவது தவறில்லை. காரணம், பொறுப்பாளர் பெயர், காலாவதி தேதி மூன்றும் இல்லாமல் ஒதுக்குவதுதான் தவறு.

பேஸ் இமேஜ்

உங்கள் கன்டெய்னர் எதன் மேல் கட்டப்படுகிறதோ அந்த அடித்தள இமேஜ் இது. என்க்ரிப்ஷன் லைப்ரரியான ஓபன்எஸ்எஸ்எல் அதற்குள் இருக்கிறது. உங்கள் லாக் ஃபைலில் இல்லை. கோடு மாறாவிட்டாலும் வாரம் ஒருமுறை இமேஜைப் புதிதாக இழுத்து, கேஷ் இல்லாமல் பில்ட் செய்யுங்கள்.