பினாங்கில் முதல் வேலையா? யூனியனில் சேர்வது இப்படித்தான்

மலேசியாவின் பினாங்கில், பாயான் லெப்பாஸ், பிறை தொழிற்பேட்டைகள் பக்கம் புதிதாக வேலைக்குப் போன தம்பி தங்கைகள் யூனியனில் (தொழிற்சங்கத்தில்) எப்படிச் சேர்வது என்று என்னிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பி மாளவில்லை. யூனியன் எதற்கு என்ற விளக்கமெல்லாம் இங்கே இல்லை. சேர்வது என்று முடிவு செய்தவர்களுக்கு மட்டும் இது.

1. எந்தச் சங்கம்?

எச்.ஆரிடம் போய்க் கேட்க வேண்டாம். கேண்டீனில் நீண்ட நாள் சர்வீஸ் உள்ள அக்கா யாராவது இருப்பார், அவருக்குத் தெரியும். கேள்வியைச் சரியாகக் கேளுங்கள்: "இங்கே யூனியன் இருக்கா?" என்று இல்லை, "கம்பெனி எந்த யூனியனுக்கு அங்கீகாரம் கொடுத்திருக்கு?" என்று. 2024 செப்டம்பர் 15 முதல் நடப்புக்கு வந்த சட்டத் திருத்தத்தால் ஒரே இடத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட சங்கங்கள் இருக்கலாம். ஆனால் அங்கீகாரம் பெற்ற சங்கம்தான் முதலாளியோடு உட்கார்ந்து கூட்டு ஒப்பந்தம் (தொழிலாளர்களுக்குப் பொதுவான சம்பள, சலுகை ஒப்பந்தம்) பேச முடியும்.

"எங்க அம்மா இதே வட்டாரத்தில் ஆப்பரேட்டராக இருந்தார், யூனியன் என்ற பேச்சே இல்லையே" என்று சிலர் சொல்வதுண்டு. அது உண்மைதான். தோட்டத்தில் இருந்த தாத்தாவுக்கு 1954 முதல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் இருந்தது. மின்னணுத் தொழிற்சாலைகளுக்கோ பல காலம் அனுமதியே இல்லை. 1988-இல் கம்பெனிக்குள் அடங்கிய, அந்த ஒரே கம்பெனி ஆட்கள் சேரும் சங்கத்துக்கு மட்டும் வழி விட்டார்கள். பல கம்பெனி ஆட்களும் சேரும் வட்டாரச் சங்கங்கள் 2009-க்குப் பிறகுதான் வந்தன. அதனால் வீட்டில் வழிகாட்ட ஆள் இல்லையென்றால் அதில் ஆச்சரியமில்லை.

2. உங்கள் பதவிப் பெயர்

நான் மாட்டிக்கொண்ட இடம் இதுதான், அதனால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

இப்போதெல்லாம் இளம் பிள்ளைகளுக்குச் சம்பளத்தைக் கூட்டிக் கொடுக்கிறார்களோ இல்லையோ, பதவிப் பெயரைத் தாராளமாகக் கொடுக்கிறார்கள். ஃபோன் எடுத்துப் பதில் சொல்பவர் "கஸ்டமர் சர்வீஸ் எக்ஸெகியூட்டிவ்". என் கடிதத்திலும் அந்தச் சொல் இருந்தது. "நீங்க எக்ஸெகியூட்டிவ், யூனியன் உங்களுக்கு இல்லை" என்று எச்.ஆர். ஒரே வரியில் முடித்துவிட்டது.

1967-ஆம் ஆண்டின் தொழில் உறவுச் சட்டம் சொல்வது வேறு. நிர்வாகம், எக்ஸெகியூட்டிவ் நிலை, இரகசியப் பணி, பாதுகாப்புப் பணி என்று நான்கு வகை வேலைகளில் இருப்பவர்களுக்காகச் சாதாரணத் தொழிலாளர் சங்கம் அங்கீகாரம் கேட்க முடியாது. அந்த நான்கில் நீங்கள் வருகிறீர்களா என்பதைத் தீர்மானிப்பது அன்றாடம் செய்யும் வேலை. கடிதத்தில் அச்சடித்த பெயர் மட்டும் போதாது. அங்கீகாரக் கோரிக்கையின்போது தகராறு வந்தால் தொழில் உறவு இலாகாவின் தலைமை இயக்குநர் முடிவு சொல்வார்.

ஆகவே ஒரு தாளில் எழுதுங்கள். அடுத்தவர் விடுப்புக்கு நீங்கள் கையெழுத்துப் போடுகிறீர்களா? ஆள் எடுக்க, தண்டிக்க உங்களுக்கு அதிகாரம் உண்டா? மற்றவர்களின் சம்பள விவரம், கம்பெனியின் இரகசியக் கோப்பு உங்கள் கைக்கு வருகிறதா? எல்லாவற்றுக்கும் "இல்லை" என்றால் அந்தத் தாளைச் சங்கச் செயலாளரிடம் கொடுத்துவிடுங்கள், மீதியை அவர் பார்த்துக்கொள்வார். "ஆமாம்" என்று வந்தாலும் கதவு மூடிவிடாது. உறுப்பினராவது வேறு, கூட்டு ஒப்பந்தத்துக்குள் வருவது வேறு. சங்கத்தின் விதிகள் இடம் கொடுக்கிறதா என்று கேளுங்கள்.

3. பாரம் (சேர்க்கைப் படிவம்)

கூகுள் பாரம் வேண்டாம், காகிதமே மேல். சந்தாவைச் சம்பளத்தில் பிடிக்க உங்கள் எழுத்துபூர்வமான சம்மதம் தேவை, எப்படியும் கையெழுத்துப் போட்டாக வேண்டும். படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சம்பளச் சீட்டில் பிடித்தம் வருகிறதா என்று பாருங்கள், சில இடங்களில் பாரம் மேசை இழுப்பறையிலேயே தூங்கும்.

பேசிக்கொள்ளக் கம்பெனி மின்னஞ்சலோ டீம்ஸோ கூடவே கூடாது. என் ஓட்டு டெலிகிராமுக்கு, குழுவில் தொலைபேசி எண்ணை மறைக்கலாம்.

4. எச்.ஆர். கூப்பிட்டால்

பயப்பட வேண்டாம். எந்த வேலை ஒப்பந்தமும் பதிவுபெற்ற சங்கத்தில் சேரும் உரிமையைத் தடுக்க முடியாது என்று 1955-ஆம் ஆண்டின் வேலைச் சட்டம், பிரிவு 8 சொல்கிறது. கையெழுத்துப் போட்ட கடிதத்தில் அப்படி ஒரு வரி இருந்தாலும் அது செல்லாது. என்ன பேசினார்கள் என்பதைத் தேதி, நேரத்தோடு அன்றைக்கே குறித்துவையுங்கள்.

வேலையை விட்டே நீக்கிவிட்டால் 60 நாளுக்குள் தொழில் உறவு இலாகாவில் மனு கொடுக்க வேண்டும். "மேல்முறையீட்டைப் பரிசீலிக்கிறோம், பொறுங்க" என்று கம்பெனி சொல்வதை நம்பி உட்கார்ந்தால் நாள் போய்விடும். மேல்முறையீடு ஒரு பக்கம் நடக்கட்டும், மனுவை முதலில் கொடுத்துவிடுங்கள்.

5. சங்கமே இல்லையென்றால்

புதிதாகப் பதிவு செய்யும் விண்ணப்பத்தில் குறைந்தது 7 உறுப்பினர்களின் கையெழுத்து வேண்டும். 7 பேர் கிடைப்பது எளிது, அதற்குப் பிறகு கணக்கு எழுத, கூட்டம் போட ஆள் கிடைப்பதுதான் பாடு. உங்கள் துறையில் ஏற்கெனவே உள்ள வட்டாரச் சங்கத்தைத் தேடிப் போங்கள் என்பேன். கம்பெனிக்குள் அடங்கிய சங்கம் எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது, வேலை மாறினால் உறுப்பினர் தகுதியும் போய்விடும். சங்கம் அங்கீகாரம் கேட்டு எழுதியதும் முதலாளிக்கு 21 நாள் அவகாசம். ஒப்பந்தம் கையெழுத்தானால் குறைந்தது 3 ஆண்டுக்கு இருக்கும்.

பிற்சேர்க்கை: "இன்னும் புரோபேஷனில் (வேலை நிரந்தரமாகும் முன் சோதனைக் காலம்) இருக்கேன், சேரலாமா?" என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். சேரலாம், பிரிவு 8 உங்களுக்கும்தான். ஏஜெண்ட் வழியாக வேலைக்கு வந்தவர்கள் சம்பளச் சீட்டில் யார் பெயர் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். ஏஜெண்ட் பெயர் இருந்தால் தொழிற்சாலையின் கூட்டு ஒப்பந்தம் உங்களைத் தானாகச் சேர்த்துக்கொள்ளாது. உணவு டெலிவரி ஓட்டுபவர்களின் பாதை வேறு. அவர்களுக்கென்று 2025-இல் நாடாளுமன்றம் கிக் (நிரந்தர வேலையில்லாமல் வேலைக்கு வேலை கூலி பெறும்) தொழிலாளர் சட்டம் நிறைவேற்றியது, அதைத் தனிப் பதிவாக எழுதுகிறேன்.