உள்ளாட்சித் தேர்தலில் முறைகேடு: சந்தேகத்தை வழக்காக்குவது எப்படி?

ஊராட்சித் தலைவர் பதவி பத்து, இருபது வாக்குகளில் கைமாறுவது தமிழ்நாட்டுக் கிராமங்களில் அரிதல்ல. வித்தியாசம் அத்தனை குறைவாக இருக்கும்போது கள்ள ஓட்டு, பணப்பட்டுவாடா, எண்ணிக்கையில் தில்லுமுல்லு என்று பேச்சு எழுவது இயல்பு. அந்தப் பேச்சு நியாயமானதாகவே இருந்தாலும், எந்த வாக்குச்சாவடி, எத்தனை மணி, பட்டியலில் எந்த வரிசை எண், யார் முன்னிலையில் என்ற விவரங்கள் அன்றைக்கே எழுத்தில் பதிவாகாவிட்டால் அது நீதிமன்றத்தில் நிற்காது. ஆகவே ஒவ்வொரு கட்டத்திலும் என்ன எழுத வேண்டும், யாரிடம் கொடுக்க வேண்டும் என்பதை ஊரக உள்ளாட்சித் தேர்தலை முன்வைத்து இங்கே விளக்குகிறேன்.

முதலில் முகவரி சரியாக இருக்க வேண்டும். உள்ளாட்சித் தேர்தலை நடத்துவது இந்தியத் தேர்தல் ஆணையம் அல்ல. அரசியலமைப்பின் 243கே பிரிவின்படி அமைந்த மாநிலத் தேர்தல் ஆணையம். மாவட்ட அளவில் ஆட்சியரே தேர்தல் அலுவலர். சட்டமன்ற, நாடாளுமன்றத் தேர்தல்களுக்கான சி-விஜில் செயலியில் ஊராட்சிப் புகாரைப் பதிவுசெய்துவிட்டுக் காத்திருப்பது நேர விரயம். புகாரை எழுத்தில் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் பெறுங்கள். வாங்க மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்பி ஒப்புகை அட்டையைப் பத்திரப்படுத்துங்கள்.

வாக்காளர் பட்டியல்தான் பல முறைகேடுகளின் தொடக்கம். உள்ளாட்சிப் பட்டியல் சட்டமன்றத் தொகுதிப் பட்டியலை அடிப்படையாகக் கொண்டே தயாராவதால், இறந்தவர்கள், ஊரைவிட்டுப் போனவர்கள், இரு வார்டுகளில் பெயர் உள்ளவர்கள் ஆகியோரைத் தேர்தல் அறிவிப்புக்கு முன்பே கண்டறிந்து, நீக்கம் கோரும் படிவம் 7-ஐக் கொடுத்துவிட வேண்டும். முடிவு வந்தபின் பட்டியலைக் குறைகூறுவதால் பெரும்பாலும் பயன் இல்லை.

வாக்குப்பதிவு நாளில், சாவடியில் வேட்பாளர் சார்பாக அமரும் முகவரின் பொறுப்பு பெரிது. திருத்தப்பட்ட பட்டியலின் நகல் அவர் கையில் இருக்க வேண்டும். இறந்தவர், வெளியூரில் இருப்பவர் பெயர்களை முன்கூட்டியே குறித்துக்கொண்டு, அந்தப் பெயரில் யாரேனும் வந்தால் வாக்குச்சீட்டு கொடுப்பதற்கு முன்பே தலைமை அலுவலரிடம் ஆட்சேபிக்க வேண்டும். உங்கள் வாக்கையே வேறொருவர் போட்டுவிட்டிருந்தால் திரும்பிப் போய்விடாதீர்கள்; அடையாளத்தை நிரூபித்து, டெண்டர் ஓட்டு (தனியாக வாங்கி வைக்கப்படும் வாக்கு) போடும் உரிமையைக் கேளுங்கள். சாதாரண எண்ணிக்கையில் அது சேராது என்றாலும், ஆள்மாறாட்டம் நடந்ததற்கு அரசு ஆவணத்திலேயே பதிவான சான்றாக நிற்கும். சாவடிக்குள் கைபேசியில் படம் எடுக்க வேண்டாம். வாக்கின் இரகசியத்தை மீறியதாக வழக்கு உங்கள் மீதே திரும்பக்கூடும்.

ஊரக வாக்காளர் பல பதவிகளுக்குத் தனித்தனி நிறச் சீட்டுகளில் முத்திரையிடுகிறார்: தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியக் குழு உறுப்பினருக்குப் பச்சை, மாவட்ட ஊராட்சி உறுப்பினருக்கு மஞ்சள். ஒவ்வொரு நிறத்திலும் எத்தனை சீட்டுகள் வழங்கப்பட்டன என்ற கணக்கை வாக்குப்பதிவு முடிந்ததும் முகவர் குறித்துக்கொண்டால், பெட்டியைத் திறக்கும்போது எண்ணிக்கை பிசகினால் உடனே கேட்க முடியும்.

எண்ணும் மேசையில் கவனம் சிதறினால் என்ன ஆகும் என்பதற்கு ஹரியாணாவின் பானிபட் மாவட்டக் கிராமம் ஒன்று சாட்சி. 2022 நவம்பரில் நடந்த அந்தக் கிராமத் தலைவர் தேர்தலில் ஒரே ஒரு வாக்குச்சாவடியில் இரு வேட்பாளர்களின் வாக்குகள் இடம்மாறிப் பதிவாயின. தோற்றவராக அறிவிக்கப்பட்டவர் விடாமல் போராடி, 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்ற வளாகத்திலேயே இயந்திரங்கள் மீண்டும் எண்ணப்பட்டபோது அவருக்கு 1,051 வாக்குகளும் எதிராளிக்கு 1,000 வாக்குகளும் இருந்தன. பதவிக்காலத்தின் பாதிக்கு மேல் போனபின் கிடைத்த நீதி அது. முடிவை அறிவிப்பதற்கு முன்பே, சாவடியையும் வித்தியாசத்தையும் குறிப்பிட்டு எழுத்தில் மறு எண்ணிக்கை கோருங்கள். தேர்தல் நடத்தும் அலுவலர் மறுத்தால் காரணத்தை எழுதித்தரச் சொல்லுங்கள்.

பணப்பட்டுவாடாவை நிரூபிப்பதுதான் மிகக் கடினம். வாக்குக்காகப் பணம் கொடுப்பது மட்டுமன்றி வாங்குவதும் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 170-ஆம் பிரிவில் இலஞ்சமாகும். 173-ஆம் பிரிவு ஓராண்டு வரை சிறை விதிக்கிறது. பணம் வாங்கியவர் சாட்சி சொல்ல முன்வந்தால், அவருக்கு வரக்கூடிய சிக்கலை முதலில் எடுத்துச் சொல்லி, வழக்கறிஞரைச் சந்திக்க வையுங்கள். ஏழைக் குடும்பம் ஒன்றை வழக்கில் மாட்டிவிட்டு நாம் ஒதுங்கிக்கொள்வது அறமல்ல. காவல் நிலையத்தில் குறைந்தபட்சம் புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீதாவது பெறாமல் திரும்ப வேண்டாம். கோயில் மண்டபத்தில் தலைவர் பதவி ஏலம் விடப்பட்டால், வேட்புமனு நாள் முடிவதற்கு முன்பே ஆட்சியருக்குத் தெரிவியுங்கள்.

காணொளி இருக்கிறது என்று மகிழ்வதற்கு முன், அதை யார் எடுத்தார், மூலப்பதிவு எந்தக் கருவியில் உள்ளது என்று கேளுங்கள். வாட்ஸ்அப்பில் பலர் கைமாறி வந்த பதிவு வலுவற்றது. மூலக் கருவியை அழிக்காமல் வைத்து, சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதிநியத்தின் 63-ஆம் பிரிவு மின்னணுப் பதிவுகளுக்குக் கேட்கும் சான்றிதழுடன் தாக்கல் செய்ய வேண்டும். 2024 ஜனவரி 30 அன்று சண்டிகர் மேயர் தேர்தலில் எட்டு வாக்குச்சீட்டுகள் செல்லாதவை என ஒதுக்கப்பட்டன. தலைமை அதிகாரியே அவற்றில் குறியிட்டது கேமராவில் பதிவாகியிருந்தது. அந்தப் பதிவையும் சீட்டுகளையும் நேரில் பார்த்த உச்ச நீதிமன்றம் மூன்றே வாரத்தில் முடிவை மாற்றியது.

தமிழ்நாட்டில் ஊராட்சித் தேர்தலின் முடிவை எதிர்க்க ஒரே வழி தேர்தல் மனுதான். 1994-ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டத்தின் 258-ஆம் பிரிவின்படி, முடிவு வெளியான நாளிலிருந்து 45 நாட்களுக்குள் மாவட்ட நீதிபதியிடம் அதைத் தாக்கல் செய்ய வேண்டும். தாமதம் மன்னிக்கப்படும் என்று நம்பியிருக்காதீர்கள். நகர்ப்புற அமைப்புகளுக்குத் தனிச் சட்டம் இருப்பதால், அங்கே கெடுவை முதல் வாரத்திலேயே வழக்கறிஞரிடம் உறுதிசெய்துகொள்ளுங்கள். மனுவில் "பரவலாகக் கள்ள ஓட்டு போடப்பட்டது" என்று எழுதினால் அது தள்ளுபடியாகும். இன்ன சாவடியில் இன்ன வரிசை எண்களில் இத்தனை தவறான வாக்குகள், வெற்றி வித்தியாசம் இவ்வளவு, ஆகவே முடிவே மாறியிருக்கும் என்று கணக்கோடு காட்ட வேண்டும். வித்தியாசம் குறைவு என்ற காரணத்துக்காக மட்டும் நீதிமன்றம் மறு எண்ணிக்கைக்கு உத்தரவிடுவதில்லை. ஆதாரம் இல்லாத பெயர்களை மனுவில் சேர்க்காதீர்கள்; தேர்தல் பணிக்கு அனுப்பப்பட்ட ஆசிரியரின் வாழ்க்கையும் இதில் அடங்கியிருக்கிறது. மனுவோடு சேர்த்தே, முத்திரையிட்ட வாக்குச்சீட்டுக் கட்டுகளையும், வாக்களித்தோர் பெயர்கள் குறியிடப்பட்ட வாக்காளர் பட்டியலையும், எண்ணும் மையத்தின் கேமராப் பதிவுகளையும் வழக்கு முடியும்வரை அழிக்காமல் பாதுகாக்க இடைக்கால உத்தரவு கோருங்கள்.