வேலூரிலிருந்து பிக்குவாகப் புறப்படும் முன்

முதலில் கடன். பௌத்தத் துறவிகளுக்கான விநய விதிப்படி கடன்பட்டவருக்குத் துறவு தரமாட்டார்கள். துறவு தரும் சடங்கில் சங்கத்தின் (பிக்குகள் சபையின்) நடுவே நிறுத்திக் கேட்பார்கள். நகைக்கடன், கல்விக்கடன் எல்லாவற்றையும் அடைத்து ரசீது வாங்குங்கள். பலர் மறப்பது சீட்டு: எடுத்துவிட்ட சீட்டின் மீதித் தவணையும் கடன்தான். பிறருக்குப் போட்ட ஜாமீனிலிருந்தும் விடுபடுங்கள்.

பெற்றோர் சம்மதம் கட்டாயம். "கொஞ்ச நாள் தியானத்துக்குப் போறேம்மா" என்று மழுப்பிவிட்டுக் காட்பாடியில் ரயிலேறாதீர்கள். அந்தப் பொய் பின்னாலேயே வரும்.

தாய்லாந்தின் உபோன் ராட்சதானியில் உள்ள வாட் பா நனாசாட் மடம், வெளிநாட்டவர்க்காகத் தாய்லாந்துத் துறவி அஜான் சா 1975இல் தொடங்கியது. ஆங்கிலம் போதும். ஆனால் போனவுடன் காவி கிடைக்காது: முதலில் விருந்தினர், பிறகு வெள்ளுடை, அதன்பின் சாமணேரர் (இளந்துறவி). பிக்குவாக 20 வயது நிரம்பவேண்டும். விசாவுக்கு மடத்தின் கடிதம் தேவைப்படும். முன்பே எழுதிக் கேளுங்கள்.

சடங்கில் சொல்லவேண்டிய பாலி மொழியின் உச்சரிப்புதான் நம்மவர்க்குக் கடினம். தமிழெழுத்தில் 'புத்தம்' என்று எழுதிப் படித்தால் தொடக்கத்து மெல்லோசையும் (b) 'த்த'வில் சேரும் மூச்சொலியும் தொலைந்துபோகும். சாமணேரர் ஆவதே திரிசரணம் (புத்தர், தம்மம், சங்கம் மூன்றையும் சரணடையும் வாசகம்) சொல்வதால்தான். அதனால் ஒலி பிசகினால் திருப்பிச் சொல்லவைப்பார்கள். பதிவைக் கேட்டு, வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். பிக்குவாகும்போது சங்கம் கேட்பவற்றில், நோய்களைப் பற்றிய கேள்விக்கு 'நத்தி பந்தே' (இல்லை, ஐயா), மற்றவற்றுக்கு 'ஆம பந்தே' (ஆம், ஐயா).

வீட்டிலேயே பௌர்ணமிதோறும் எட்டு சீலம் (எட்டு ஒழுக்க நெறிகள்) எடுங்கள். மதியத்துக்குப்பின் சாப்பாடு கிடையாது; மாலை டிபன் நேரத்துப் பசியை இங்கேயே சந்தித்துவிடுவது நல்லது. பல்வலி இருந்தால் சிகிச்சையை முடித்துக்கொண்டு கிளம்புங்கள்.