காரின் பின்பக்கம் ‘டொக் டொக்’: ஷாக்கை மாற்றும் முன் பார்க்க வேண்டியவை

பின்னால் சத்தம் வருகிறது என்று ஒர்க்‌ஷாப்பில் வண்டியை விட்டால், கீழே குனிந்துகூடப் பார்க்காமல் “ஷாக் போச்சு” என்று சொல்லிவிடுவது வழக்கம். இரண்டு ஷாக்கும் புதிதாகப் போட்ட பிறகும் அதே சத்தம் வந்தால் வயிறு எரியும். ஷாக் அப்சார்பர், அதாவது ஸ்பிரிங்கின் துள்ளலை அடக்கும் எண்ணெய்க் குழாய், தேய்ந்தால் வண்டி ஊஞ்சல் மாதிரி ஆடும். சத்தம் போடுவது பெரும்பாலும் அதைப் பிடித்திருக்கும் ரப்பரும் போல்ட்டும்தான்.

இங்கே சொல்வது எஞ்சின் முன்சக்கரத்தை இழுக்கும் சின்ன ஹேட்ச்பேக், சின்ன செடான் வண்டிகளுக்கு. பெரும்பாலானவற்றின் பின்பக்கம் ஒரே மாதிரி இருக்கும். இரண்டு சக்கரத்தையும் இணைக்கும் ஒரு டார்ஷன் பீம் (முறுகிக் கொடுக்கும் குறுக்கு இரும்பு), அதை பாடியோடு பிடிக்கும் இரண்டு பெரிய ரப்பர் புஷ் (ரப்பர் பொதித்த இரும்புக் குழல்), பக்கத்துக்கு ஒரு காயில் ஸ்பிரிங், ஒரு ஷாக், ஒரு வீல் பேரிங் (சக்கரம் உராயாமல் சுழல உதவும் வளையம்), டிரம் பிரேக். பாகங்கள் குறைவு என்பதால் பொறுமை இருந்தால் புதியவரே கண்டுபிடித்துவிடலாம்.

படி 1: டிக்கியைக் காலி செய்யுங்கள்

ஸ்டெப்னி, ஜாக்கி, வீல் ஸ்பேனர், பார்சல் ட்ரே எல்லாவற்றையும் வீட்டில் வைத்துவிட்டு ஒரு சுற்று போய் வாருங்கள். ஸ்டெப்னியைப் பிடிக்கும் திருகு ஒரு சுற்று தளர்ந்திருந்தாலே போதும், ஒவ்வொரு பள்ளத்திலும் ‘டொக்’ என்னும். பின் சீட்டின் சாய்மானம் லாக்கில் சரியாக விழுந்திருக்கிறதா, சீட் பெல்ட் கொக்கி பிளாஸ்டிக்கில் இடிக்கிறதா என்றும் பாருங்கள்.

அடுத்து, எஞ்சின் ஆறியபின் சைலன்சரைக் கையால் அசையுங்கள். அது தொங்கும் ரப்பர் வளையங்களில் ஒன்று அறுந்திருந்தால் பைப் பீமில் இடிக்கும். விலை அற்பம், ஷாக் போன மாதிரியே கேட்கும்.

படி 2: சத்தம் எப்போது வருகிறது?

இதுதான் மொத்த வேலையில் பாதி. டிக்கி ஒரு மேளம் மாதிரி. இடப்பக்கச் சத்தம் வலப்பக்கம் கேட்பது சகஜம். அதனால் எங்கே என்பதை விட்டுவிட்டு, எப்போது என்று கவனியுங்கள். நீங்கள் ஓட்டுங்கள், இன்னொருவர் பின் சீட்டில் உட்கார்ந்து காது கொடுக்கட்டும்.

வேகம் ஏற ஏற ‘ஊஊ’ என்று இரைச்சல் ஏறுகிறதா? காலியான சாலையில் 60 கி.மீ. வேகத்தில் கிளட்சை மிதியுங்கள். எஞ்சின் அடங்கியும் இரைச்சல் அப்படியே இருந்தால் டயர் அல்லது பேரிங். நீண்ட இட வளைவில் வண்டியின் எடை வலச் சக்கரங்களுக்குப் போகும். அப்போது இரைச்சல் கூடினால் வலப்பக்க பேரிங்கைச் சந்தேகப்படலாம். சாலை மாறும்போது, அதாவது தாரிலிருந்து சிமென்ட்டுக்கு ஏறும்போது, சத்தத்தின் குணமே மாறினால் டயர்.

80-க்கு மேல் சீட்டும் தரையும் நடுங்கி, ஸ்டீயரிங் அமைதியாக இருந்தால் பின்சக்கர பேலன்ஸை, அதாவது சக்கரத்தின் எடை சுற்றிலும் சமமாக இருக்கிறதா என்று, பாருங்கள். 185/65 R15 டயரின் சுற்றளவு சுமார் 1.95 மீட்டர். 80 கி.மீ. வேகத்தில் அது நொடிக்கு 11 தடவைக்கு மேல் சுற்றுகிறது. ரிம்மின் உட்புறம் ஒரு கைப்பிடிச் சேறு காய்ந்து ஒட்டியிருந்தாலே நடுக்கம் வரும். மழைக்காலத்தில் முதலில் ரிம்மைக் கழுவுங்கள், பிறகு பேலன்ஸிங்குக்குப் போகலாம்.

ஸ்பீடு பிரேக்கரில் ஒரே ஒரு கனமான ‘டொக்’ என்றால் ஷாக் போல்ட், அல்லது உடைந்த ஸ்பிரிங். ஒரு சக்கரம் மட்டும் பள்ளத்தில் இறங்கும்போதும், ரிவர்ஸ் எடுத்து பிரேக் பிடிக்கும்போதும் வந்தால் பீம் புஷ். கரடுமுரடான இடத்தில் ‘கடகட’ என்று வந்தால், ஆளில்லாத இடத்தில் 20 கி.மீ. வேகத்தில், பட்டனை அமுக்கியபடியே ஹேண்ட் பிரேக்கை லேசாக இழுத்துப் பாருங்கள். சத்தம் நின்றால் ஆடுவது டிரம்முக்குள் இருக்கும் பிரேக் ஷூ. சஸ்பென்ஷனைத் தொட வேண்டாம்.

படி 3: வண்டி தரையில் நிற்கும்போதே

டயரின் மேல் உள்ளங்கையை முன்னும் பின்னும் ஓட்டுங்கள். மேடு பள்ளமாகக் கைக்குத் தட்டுப்பட்டால் இரைச்சலுக்கு அதுவே காரணம். அந்தத் தேய்மானம் பலவீனமான ஷாக்காலும் வரும், ஆகவே டயரை மட்டும் மாற்றி நிறுத்திவிடாதீர்கள். ஒரே இடத்தில் புடைப்பு இருந்தால் டயர் உள்ளே பிளந்திருக்கிறது. அந்தச் சக்கரத்தோடு ஓட்டவே வேண்டாம்.

காற்று, டிரைவர் கதவோரம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள அளவில் இருக்கட்டும். சமதளத்தில் சக்கர மையத்திலிருந்து மேல் வளைவு விளிம்புவரை இரு பக்கமும் டேப் வைத்து அளந்து பாருங்கள். ஒரு பக்கம் கண்ணுக்குத் தெரியும் அளவுக்குத் தாழ்ந்திருந்தால் ஸ்பிரிங்கின் கடைசிச் சுற்று உடைந்திருக்கலாம். பெயின்ட் உரிந்து துருப்பிடித்த அந்தச் சுற்று ரப்பர் சீட்டுக்குள் மறைந்திருப்பதால் மேலோட்டமாகப் பார்த்தால் தெரியாது.

ஷாக்கின் உடம்பில் லேசான எண்ணெய்ப் பிசுக்கு இருப்பது பரவாயில்லை. எண்ணெய் வழிந்து ஈரமாக இருந்தால் போய்விட்டது என்று அர்த்தம். பின்பக்கத்தை அமுக்கிவிட்டுப் பார்க்கும் சோதனையை நம்ப வேண்டாம், முழுதும் செத்த ஷாக்கை மட்டுமே அது காட்டிக்கொடுக்கும்.

படி 4: தூக்கிப் பார்ப்பது

சமமான, கெட்டியான தரை. முன்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை, கியர் முதலாவதில், பின்சக்கரம் சுற்ற வேண்டும் என்பதால் ஹேண்ட் பிரேக்கை விடுவியுங்கள். தூக்கியதும் ஜாக் ஸ்டாண்டில் (வண்டியைத் தாங்கும் இரும்புக் கால்) இறக்குங்கள். வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் தலையை விடக் கூடாது.

சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள், பிறகு இடமும் வலமும். பின்சக்கரத்தில் ஸ்டீயரிங் இணைப்பு கிடையாது; எந்தத் திசையில் ‘டக்’ என்று ஆட்டம் தெரிந்தாலும் முதல் சந்தேகம் பேரிங் மேல். ஆட்டமே இல்லாமலும் பேரிங் போயிருக்கலாம். அதற்கு ஒரு கையின் விரல்களை ஸ்பிரிங்கின் மேல் லேசாக வைத்து, மறு கையால் சக்கரத்தைச் சுழற்றுங்கள். நல்ல பேரிங் என்றால் விரலுக்கு ஒன்றும் தெரியாது. கெட்டுப்போனது மணலை அரைப்பது மாதிரி நறநறவென்று ஸ்பிரிங் வழியாக ஏறும். மறுபக்கத்தையும் அப்படியே செய்து ஒப்பிட்டால் சந்தேகமே இருக்காது.

ஷாக்கின் கீழ்முனையைப் பிடித்து உலுக்குங்கள். போல்ட்டைச் சுற்றிப் பளபளவென்று தேய்ந்த உலோகம் தெரிந்தால் அங்கேதான் ஆட்டம். மேல்முனை சில வண்டிகளில் டிக்கி ட்ரிம்முக்குப் பின்னால் இருக்கும்.

பீம் புஷ்ஷில் மேலாக வெடிப்பு இருப்பது வயசு. ரப்பர் இரும்புக் குழலை விட்டுப் பிரிந்திருந்தால்தான் மாற்ற வேண்டும். நெம்புகோலை மெதுவாகக் கொடுத்தால் பிளவு வாய் திறந்து காட்டும். ‘கீச் கீச்’ என்று மட்டும் வந்தால் புஷ்ஷில் தண்ணீர் தெளித்து ஓட்டிப் பாருங்கள். சத்தம் சற்று நேரம் அடங்கினால் ஆள் அகப்பட்டான். அதில் எஞ்சின் ஆயில் விடாதீர்கள், ரப்பர் ஊதி இளகிவிடும். சிலிக்கான் கிரீஸ் போதும்.

படி 5: மாற்றும்போது

ஷாக், ஸ்பிரிங் இரண்டையும் ஜோடியாக மாற்றுங்கள்; பேரிங் கெட்ட பக்கம் மட்டும் போதும். ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) உள்ள பல வண்டிகளில் பேரிங்கின் ஒரு முகத்தில் காந்த வளையம் இருக்கும். அது சென்சார் பக்கம் வர வேண்டும். திருப்பிப் போட்டால் ஏபிஎஸ் விளக்கு எரியும், மறுபடி எல்லாம் கழற்ற வேண்டும்.

புதிதாகப் போட்ட புஷ் ஆறே மாதத்தில் கிழிவதற்கு ஒரு காரணம் உண்டு. வண்டி தூக்கியிருக்கும்போதே புஷ் போல்ட்டை முழுக்க இறுக்கிவிடுகிறார்கள். கீழே இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டே நிற்கிறது. கையால் மட்டும் பூட்டி, வண்டியின் எடை நான்கு சக்கரத்திலும் இறங்கிய பிறகு, கையேட்டில் உள்ள டார்க் (இறுக்கும் முறுக்கு விசை) அளவுக்கு இறுக்கச் சொல்லுங்கள். பக்கத்தில் நின்று பாருங்கள். கழற்றிய சக்கரங்களின் நட்டுகளை 100 கி.மீ. ஓடியபின் ஒருமுறை டார்க் ரெஞ்ச் வைத்துச் சரிபாருங்கள்.