சீட் இறங்குகிறதா? போல்ட்டை முறுக்கும் முன் பார்க்க வேண்டியவை

காலையில் சரியான உயரத்தில் வைத்த சைக்கிள் சீட், பத்து கிலோமீட்டர் போவதற்குள் ஒரு விரற்கடை இறங்கியிருக்கும். உடனே ஆலன் கீயை (அறுகோணச் சாவி) எடுத்து இன்னும் அரைச் சுற்று முறுக்குவோம். நல்ல கிளாம்ப்களும் (போல்ட் வைத்த இறுக்கு வளையங்கள்) சட்டங்களும் பாழாவது இப்படித்தான்.

சீட்டைத் தாங்கும் கம்பிதான் சீட் போஸ்ட். அதைக் கவ்விப் பிடிப்பது சட்டத்தின் சீட் டியூப். அதன் மேல் முனையில் ஒரு பிளவு வெட்டியிருப்பார்கள். கிளாம்ப் இறுகும்போது பிளவு குறுகி, டியூப் போஸ்ட்டைச் சுற்றிலும் அணைக்கிறது. போல்ட்டின் வேலை அந்தப் பிளவை மூடுவது மட்டுமே. அதனால் போஸ்ட் வழுக்கினால் முதலில் அளவையும் அழுக்கையும் கிளாம்ப் உட்கார்ந்திருக்கும் விதத்தையும் பாருங்கள்.

சீட்டின் மூக்கு மட்டும் மேலும் கீழும் ஆடினால் அது வேறு கோளாறு. போஸ்ட்டின் தலையில் சீட்டைப் பிடிக்கும் கிளிப் தளர்ந்திருக்கும், அல்லது அதன் பற்கள் தேய்ந்திருக்கும். கீழே உள்ள கிளாம்பை எவ்வளவு முறுக்கினாலும் அது சரியாகாது.

அதிகம் நடக்கும் தவறு அளவில்தான். போஸ்ட்டின் விட்டம் ஒன்று, கிளாம்பின் அளவு வேறொன்று. 25.4, 27.2, 30.9, 31.6 மி.மீ. என்பவை போஸ்ட்டின் விட்டங்கள். போஸ்ட்டின் அடிப்பகுதியில் பெரும்பாலும் பொறித்திருக்கும். கிளாம்பின் அளவு சீட் டியூபின் வெளிவிட்டத்தைப் பொறுத்தது: 28.6, 31.8, 34.9 மி.மீ. என்று வரும். 27.2 போஸ்ட்டுக்கு மெல்லிய ஸ்டீல் சட்டத்தில் 28.6 கிளாம்ப் தேவைப்படும். தடித்த அலுமினியச் சட்டத்தில் பெரும்பாலும் 31.8. கடையில் “27.2 கிளாம்ப் குடுங்க” என்று கேட்டால் தவறான பொருள் கைக்கு வரும். வெர்னியர் காலிப்பரால் டியூபின் வெளிப்புறத்தை அளந்துகொண்டு போவதே நல்லது.

27.2 வர வேண்டிய இடத்தில் 27.0 போஸ்ட் போட்டால், 0.2 மி.மீ. தானே என்று தோன்றும். அந்த இடைவெளியே சீட்டை இறக்கிவிடப் போதும். சரியான போஸ்ட்டைக் கையால் அழுத்தினால் மெதுவாக இறங்கும், பக்கவாட்டில் ஆடாது. தானாகச் சரிந்து உள்ளே விழுந்தால் அது சிறியது. இறுக்கிய பிறகு கிளாம்பின் இரண்டு காதுகளும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டாலும் அளவு தவறு. அதற்கு மேல் முறுக்குவதெல்லாம் போல்ட்டின் மரைக்கு மட்டும்தான் போகும். குளிர்பானக் கேன் தகட்டை வெட்டிச் சுற்றுவது வீடு போய்ச் சேர உதவும். நிரந்தரமாக வேண்டுமென்றால் மேல் விளிம்பு வைத்த, போஸ்ட்டின் அளவுக்கே செய்த ஷிம் (இடைவெளியை நிரப்பும் மெல்லிய உறை) வாங்குங்கள்; அல்லது சரியான போஸ்ட்டையே வாங்கிவிடுங்கள்.

கிளாம்பை மாட்டும்போது அது டியூபின் விளிம்போடு முழுமையாகப் படிய வேண்டும். பல கிளாம்ப்களின் உள்ளே மேல்பக்கம் சிறு படி இருக்கும். அந்தப் படி டியூபின் விளிம்பில் உட்கார வேண்டும். பாதி மேலே தொங்கினால் கிளாம்ப் டியூபை விட்டுவிட்டுப் போஸ்ட்டையே கடித்து வடு போடும். கோணலாக இறுகினாலும் இதே கதைதான்.

கிரீஸ் போடலாமா என்ற குழப்பம் பலருக்கு உண்டு. உலோகச் சட்டம், உலோகப் போஸ்ட் என்றால் மெல்லிய பூச்சாகப் போடத்தான் வேண்டும். போடாவிட்டால், அதிலும் ஸ்டீல் டியூபுக்குள் அலுமினியப் போஸ்ட் இருந்தால், மழைநீரும் கடற்காற்றின் உப்பும் சேர்ந்து இரண்டையும் ஒன்றோடொன்று ஒட்டிவிடும். பிறகு கழற்றுவது பெரும்பாடு. சங்கிலி எண்ணெயை ஊற்றாதீர்கள். சட்டமோ போஸ்ட்டோ கார்பன் என்றால் கிரீஸே கூடாது. அதற்கென மணல் போன்ற துகள்கள் கலந்த கார்பன் பேஸ்ட் உண்டு. குறைந்த இறுக்கத்திலேயே நல்ல பிடி தரும். அளவு சரியாக இருந்தும் வழுக்கும் உலோகப் போஸ்ட்டுக்கும் அதைப் பூசலாம். முன்பு பூசிய கிரீஸை ஆல்கஹால் தொட்ட துணியால் டியூபின் உட்புறம் வரை துடைத்துவிட்டுத்தான் பேஸ்ட் பூச வேண்டும்.

கிரீஸ் கட்டாயம் போக வேண்டிய இடம் போல்ட்டின் மரையும் தலையின் அடிப்பக்கமும். காய்ந்த போல்ட்டில் நாம் கொடுக்கும் விசையில் பெரும்பகுதி உராய்விலேயே போய்விடும். கை இறுக்கமாக உணரும், கிளாம்ப் தளர்வாகவே இருக்கும்.

இறுக்கத்தின் அளவு கிளாம்பிலேயே எழுதியிருக்கும். எம்5 (5 மி.மீ. விட்டமுள்ள) போல்ட்டுக்குப் பெரும்பாலும் 5 முதல் 7 நியூட்டன் மீட்டர். கார்பனுக்கு எழுதியிருப்பதைத் தாண்டவே கூடாது. இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் இல்லாதவர்களுக்கு ஒரு தோராயக் கணக்கு: போல்ட்டிலிருந்து 10 செ.மீ. தள்ளி, கீயின் மேல் 5 கிலோ எடை வைத்த அளவு அழுத்தினால் அது ஏறக்குறைய 5 நியூட்டன் மீட்டர். கீயில் குழாய் செருகி நீட்டி முறுக்கினால் மரை போய்விடும்.

சில கிளாம்ப்களில் போல்ட்டுக்குப் பதில் இருக்கும், கையாலேயே மூடித் திறக்கும் குவிக் ரிலீஸ் லீவரைத் திருகு போலச் சுற்றி இறுக்குவது இன்னொரு பரவலான தவறு. எதிர்ப்பக்க நட்டைச் சரிசெய்துவிட்டு, லீவரை மடக்கி மூட வேண்டும். பாதி வழியில் எதிர்ப்பு தொடங்கி, மூடி முடிக்கும்போது உள்ளங்கையில் அதன் தடம் பதிய வேண்டும்.

இறங்குகிறதே என்று போஸ்ட்டைக் கூடுதலாக மேலே இழுத்து வைப்பவர்களும் உண்டு. போஸ்ட்டில் பொறித்த குறைந்தபட்சச் செருகல் கோடு வெளியே தெரிந்தால் அந்த சைக்கிளில் ஏறாதீர்கள். நெம்புகோல் போல அழுத்தம் விழுந்து டியூபின் வாய் விரிசல் விடும், போஸ்ட்டும் ஒடியலாம்.

எல்லாம் முடிந்ததும் டியூபின் விளிம்பை ஒட்டிப் போஸ்ட்டைச் சுற்றி ஒரு இன்சுலேஷன் டேப் ஒட்டுங்கள். வேகத்தடைகளில் ஏறி இறங்கி அரை மணி நேரம் ஓட்டிவிட்டுப் பாருங்கள். டேப் சுருங்கியோ மடிந்தோ இருந்தால் போஸ்ட் இறங்கியிருக்கிறது. மறுபடி காலிப்பரை எடுத்து அளவிலிருந்து தொடங்க வேண்டும்.