பல மாதம் நின்ற கார் கிளம்ப மறுத்தால்

மாதக்கணக்கில் நிறுத்தி வைத்த பெட்ரோல் கார் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால், சாவியைத் திரும்பத் திரும்ப முறுக்காதீர்கள். ஸ்டார்ட் செய்யும்போது வரும் சத்தத்தைக் கவனியுங்கள்.

'டக் டக்' என்று மட்டும் கேட்டால் பெரும்பாலும் பேட்டரிதான். வோல்ட் அளக்கும் மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். நல்ல சார்ஜில் 12.6 வோல்ட் காட்டும். 12-க்குக் கீழே என்றால் சார்ஜ் இறங்கிவிட்டது. அளவு சரியாக இருந்தும் அதே சத்தம் வந்தால், பேட்டரியில் வயர் மாட்டும் முனையான டெர்மினலைப் பாருங்கள். வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் கழற்றிச் சுத்தம் செய்து இறுக்கமாக மாட்டுங்கள். பேட்டரியை மாற்றும் முன் இதைச் செய்துவிடுவது நல்லது, வீண் செலவு மிச்சமாகும்.

இன்ஜின் நன்றாகச் சுழன்றும் பற்றவில்லையா? அப்போது பெட்ரோல் பக்கம் போக வேண்டும். சாவியை 'ஆன்' நிலைக்கு மட்டும் திருப்பினால், பல கார்களில் பின் சீட்டுப் பக்கமிருந்து ஓரிரு நொடி மெல்லிய ரீங்காரம் வரும். அது பெட்ரோல் பம்ப். சத்தமே இல்லையென்றால் பம்பின் ஃப்யூஸையும், அதற்குக் கரண்ட் விடும் சுவிட்சான ரிலேயையும் பாருங்கள். ரீங்காரம் வந்தால், இரண்டு மூன்று முறை ஆன், ஆஃப் செய்து பிரஷர் ஏறவிட்டு அப்புறம் ஸ்டார்ட் செய்யுங்கள். எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும். நாள்பட்டதென்றால் வடித்துவிட்டுப் புதிதாக ஊற்றுவதே மேல்.

எலி வயரைக் கடித்திருக்கிறதா, ஏர் ஃபில்டருக்குள் கூடு கட்டியிருக்கிறதா என்பதை எல்லாவற்றுக்கும் முன்பே பார்த்துவிடுங்கள். ஒரு தடவைக்குப் பத்து நொடிக்கு மேல் ஸ்டார்ட்டரை ஓட்ட வேண்டாம், சூடாகிவிடும்.